கமலேஸ்வரி அக்கா கீறிய கோடுகள்

கமலேஸ்வரி அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வவுனியாவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அந்த வரிசையில் இல்லை. அவருடைய கல்வெட்டுகளைக் கொம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்த பாவி நான். அந்த ஆக்கினையை அடி முதல் நுனி வரை அனுபவித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மனிசி கோபித்தால் கோபிக்கட்டும். அவருடைய கல்லுக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அக்கா என் பெரியம்மாவின் மகள். எங்கள் இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேறி, காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைத்த குடும்பங்கள். வீட்டில் மற்ற எல்லாரும் வரம்பு கட்டப் பழகினார்கள். அக்காவுக்கு மண்வெட்டி சரிவரவில்லை, பேனை சரிவந்தது. கை நடுங்காது. மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒரு முழக் கோட்டை ஒரே இழுப்பில் இழுப்பார். அந்தக் கையைப் பார்த்துத்தான் குளங்களைக் கவனிக்கிற அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவரை வேலைக்கு எடுத்தார்கள். எஞ்சினியர் பென்சிலால் கீறித் தருகிற குளத்துப் படத்தின்மேல், கண்ணாடி மாதிரியான மெல்லிய தாளை விரித்து, அதை அப்படியே மையால் பிரதி எடுக்கிற வேலை. அந்த வேலை அவருடைய கைக்குள் புகுந்துவிட்டது. விருந்துக்குப் போன வீட்டு முற்றத்தில் கோலம் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால், குனிந்து சேர்த்துவிட்டுத்தான் படியேறுவார். கூடப் போகிறவர்கள் வெய்யிலில் நிற்க வேண்டியதுதான். அப்படி ஒரு அரியண்டம்.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு கந்தோரில் ஆட்கள் குறைந்துபோனார்கள். சண்டை நடந்தாலும் மழை பெய்யும், குளக்கட்டு உடைக்கும். அளக்கப் போகிறவர்களுக்கு நாடா பிடிக்க ஆளில்லாமல் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப் போன இடங்களில்தான் அவர் எழுத்து வெட்டிய கற்களைக் கண்டார். குளக்கட்டின் ஓரத்தில், மதகடியில், காட்டுப் பாறையில், யாருக்கும் வாசிக்கத் தெரியாத பழைய எழுத்து. முதலில் கண்டபோது பேசாமல்தான் வந்திருக்கிறார். அடுத்த மாரிக்குப் போனால் கல்லைக் காணவில்லை. யாரோ உடைத்து றோட்டுக்குப் போட்டுவிட்டார்கள். இன்னொரு இடத்தில், புதையல் கிடக்கிற இடத்தைத்தான் எழுதியிருக்கிறது என்று யாரோ கதை கட்ட, கல்லைக் கிண்டிப் பிரட்டிப் பிளந்து வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பிடித்தது அக்காவுக்கு இந்த விசர்.

"கேக்க ஆளில்லையோ தம்பி? ஆரோ ஒருத்தன் மினக்கெட்டு வெட்டி வைச்சிருக்கிறான். அவன் என்ன சொன்னவன் எண்டு கேளாமலே உடைச்சுப்போட்டாங்கள்!" என்று பிறகு என்னிடம் நின்று குதித்தார், உடைத்தவனே நான்தான் என்பதுபோல.

படம் பிடிக்கலாமென்றால், யுத்தத் தடையால் வன்னிக்குள் பிலிம் ரோல் வராது. பற்றரி வராது. மண்ணெண்ணெய்கூடக் குதிரைக்கொம்பு. அக்கா தன் கைக்குத் தெரிந்த வழியைப் பிடித்தார். கந்தோரில் கழித்துவிட்ட தாள்களைக் கேட்டு வாங்கினார். விளக்குக் கரியை வழித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து, எழுத்து வெட்டிய பள்ளங்களுக்குள் அப்பி, கல்லின் மேற்பக்கத்தைத் துடைத்துவிட்டு, தாளை விரித்து அழுத்தித் தேய்த்தார். எழுத்து தாளில் கறுப்பாக ஏறும். இடம் வலம் மாறித்தான் ஏறும், ஆனால் தாள் மெல்லியது, மறுபக்கம் திருப்பினால் நேராகத் தெரியும். இப்படியே சைக்கிளில் அலைந்தார். மலேரியாவில் விழுந்தார், எழும்பினார், திரும்பவும் போனார். எழுத்தில் ஒன்றுகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. "வாசிக்கிற ஆக்கள் வாசிக்கட்டும், நான் கொண்டுவந்து குடுக்கிறன்" என்பார்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி முழுவதும் எழும்பி ஓடியபோது, அக்கா தையல் மெசினை விட்டுவிட்டு, தாள்களைச் சுருட்டிப் போட்ட பிளாஸ்ரிக் குழாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினார். மாங்குளம் பக்கத்தில் ஒரு கொட்டில், பிறகு அங்கிருந்தும் ஓட்டம். இரண்டாயிரமாம் ஆண்டு சுற்றிவளைத்து வவுனியாவுக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனிசி வற்றிப்போயிருந்தார். குழாய்க்கு ஒரு கீறலும் இல்லை.

வவுனியாவில், பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் கடை. போட்டோக்கொப்பி, கடிதம் அடித்துக் கொடுப்பது, ஒரு கொம்பியூட்டர், ஒரு ஸ்கானர். வந்த அன்றைக்கு வீட்டில் என் மனைவி அருந்ததி சோறு போட்டுக்கொண்டிருக்கிறார், அக்கா சோற்றில் கை வைக்கவில்லை, கதையைத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, உன்ர பெட்டிக்குள்ள இதெல்லாத்தையும் ஏத்தலாமெல்லோ?"

"ஏத்தி?"

"கேக்கிற ஆக்களுக்கெல்லாம் சும்மா குடுக்கலாம். ஒரு சதமும் வாங்கக்கூடாது. தாள் ஒண்டுதான் கிடக்கு, ஒரு நெருப்புப் பொறி பட்டால் போச்சு. பெட்டிக்குள்ள போச்சுதெண்டால் எத்தினையோ பேரிட்ட இருக்கும். எழுத்துத் தெரிஞ்ச ஆரேன் ஒருத்தர், எங்கயோ ஒரு நாட்டில இருந்தெண்டாலும், கல்லுக்கு முன்னால குந்தியிருந்து வாசிக்கிற மாதிரி நம்பி வாசிக்கவேணும். எனக்கு அது போதும்."

"முதல்ல சாப்பிடுங்கோ அக்கா" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு பட்டதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தாளும் பாய் அளவு, ஸ்கானர் கொப்பித் தாள் அளவு. துண்டு துண்டாக எடுத்து, கொம்பியூட்டருக்குள் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பொருத்தி முடிகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். திரும்பவும் முதலிலிருந்து. அக்கா பின்னால் கதிரையில் இருந்துகொண்டு, "ராசா, அந்த மூலையில ஒரு நூல் அளவு விலகிக் கிடக்கு" என்பார். எனக்கு ஒன்றும் விலகித் தெரியாது. நெருக்கிப் பார்த்தால், கோதாரி, விலகித்தான் இருக்கும்! ஒரு கல்லை ஏற்றினால் ஒரு ஃபுளொப்பியில் அடங்காது. அடங்கவைத்தால் எழுத்துத் தெரியாது. அடுத்த பக்கத்தில் கடிதம் அடிக்க வந்த சனம் வரிசையில் நின்று என்னைத் திட்டும். நான் அக்காவைத் திட்ட ஏலாமல் ஸ்கானரைத் திட்டுவேன்.

"எல்லாப் படத்திலயும் கீழ என்ர கடைப் பேரை எண்டாலும் சின்னதாப் போடுறன் அக்கா" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"கல்லில உன்ர கடைப் பேர் இருந்ததோ?"

"இல்லை."

"அப்ப படத்தில ஏன்?"

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வருசம் முடிகிற நேரம் எல்லாம் ஏறிவிட்டது. ஃபுளொப்பிகளைக் கட்டுக் கட்டாக அக்கா பள்ளிக்கூடங்களுக்கும், நூலகத்துக்கும், கோயில் ஐயருக்கும், வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கும் கொடுத்தார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேளாதவர்களின் பைக்குள்ளும் வைத்தார். ஒவ்வொருவரிடமும் "நீங்களும் கொப்பி பண்ணிக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை. வந்தது அன்னபாக்கியம். வவுனியா அகதி முகாமில் இருக்கிற மனிசி. அக்காவிலும் கொஞ்சம் வயது கூட. ஊர் விளாத்திமோட்டை, மாங்குளத்துக்குக் கிழக்கே காட்டுக்குள் ஒரு சின்னக் குளமும் நாலு வயலும். அந்தக் குளக்கட்டில் நின்ற, அக்கா தாளில் எடுத்திருந்த எழுத்துக் கல்லைத்தான் ஊர்ச்சனம் வைரவர் சாமியாக வைத்துக் கும்பிட்டது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் பூசி விளக்கு வைத்தது இந்த மனிசிதான். ஓடுகிறபோது கல்லைத் தூக்க ஏலவில்லை. இப்போது அந்தப் பக்கம் ஒருவரும் போக ஏலாது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார்.

நான் படத்தைத் திறந்ததும், மனிசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டார். பின்னால் ஒருவன் அடையாள அட்டைக் கொப்பிக்குக் கத்துகிறான். "இந்தா, கும்பிட்டு முடியட்டும்!" என்று நான் அவனுக்குக் கத்தினேன். தாள் தாளாக அச்சடித்து ஒட்டி, கல்லின் பாதி அளவுக்கு ஒரு படம் செய்து கொடுத்தோம். அதைக் கண்ணாடி போட்டு முகாமில் ஒரு கொட்டிலுக்குள் வைத்து விளக்கு வைக்கத் தொடங்கினார்கள். அக்காவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகுதான் ஸ்ரனிஸ்லஸ் சேர் வந்தார். முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து மனிசன். பல்கலைக்கழகத்தில் பழைய எழுத்துப் படித்துவிட்டு, ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். மகள் வீட்டுக்கு வவுனியாவுக்கு வந்தவரை அக்கா எங்கேயோ கண்டுபிடித்துக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அக்கா நல்ல சீலை கட்டியிருந்தார். அருந்ததி வடை சுட்டு அனுப்பியிருந்தார். அக்கா இத்தனை வருசமும் காத்திருந்த ஆள் இவர்தான்.

சேர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முதலில் சிரித்த முகம். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"கமலேஸ்வரி, இது ஏதோ நேற்று வெட்டின கல்லு மாதிரியெல்லோ கிடக்கு. ஒரு எழுத்தும் தேயேல்லை. ஒரு இடமும் உடையேல்லை. மழையிலயும் வெய்யிலிலயும் கிடந்த கல்லு இப்பிடி இராது."

"தெளிவா இருக்கவேணுமெண்டு நான்தான் சேர் மையால இழுத்தனான்" என்றார் அக்கா, பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

"எந்த இடத்தில?"

"கோடு விட்டுப்போன இடங்களில."

"விட்டுப்போனது எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்? வாசிக்கத் தெரியாது எண்டனீங்கள்."

"கோடு போற போக்குத் தெரியுமே சேர். கந்தோரில அப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

சேர் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். "பிள்ளை, குளத்துப் படத்தில விட்ட கோட்டைச் சேர்க்கலாம், அங்க என்ன இருக்கெண்டு எஞ்சினியருக்குத் தெரியும். கல்லில வெடிப்பும் ஒரு கோடு, காட்டுக்கொடி வேர் அரிச்சதும் ஒரு கோடு. நீங்கள் எதை எதோட சேர்த்தனீங்களோ? இப்ப இதில கல்லு எது, நீங்கள் எது?"

வடை அப்படியே கிடந்தது. சேர் போனபிறகு நான்தான் வெடித்தேன். "ஏன் அக்கா என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை? ஒரு நூலும் விலகாமல் பொருத்தினனே, விசரன் மாதிரி! உங்கட கையெழுத்தையோ நான் பொருத்திக்கொண்டிருந்தனான்?" சொன்னதும் எனக்கே நாக்கைக் கடிக்கவேண்டும்போல இருந்தது. அக்கா அழவில்லை. "குடுத்ததெல்லாத்தையும் திருப்பி வாங்கவேணும்" என்று மட்டும் சொன்னார்.

சும்மா கொடுத்த சாமானைத் திருப்பி வாங்குவது எப்படி? கொப்பி பண்ணிக் கொடு என்று வேறு சொல்லிவிட்டிருக்கிறார்! வெய்யிலுக்குள் அவரை ஏற்றிக்கொண்டு சைக்கிள் உழக்கினேன். பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் பழுதாக்கிப்போடும் என்று அதிபர் ஃபுளொப்பிக் கட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், உறைகூடப் பிரிக்கவில்லை. நூலகத்தில் அதை அழித்து வேறெதற்கோ பாவித்துவிட்டார்கள். ஐயரிடம் கொம்பியூட்டரே இல்லை. பாவம், மனிசன் அதைச் சாமியறையில் பத்திரமாக வைத்திருந்தார். வெளிநாட்டுக்குப் போனவற்றைத் தேட வழியில்லை. இங்கே திருப்பிக் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது, ஒருவரும் திறந்தே பார்க்கவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் நடுறோட்டில், சைக்கிள் கரியரில் இருந்துகொண்டு, முந்தானையால் முகத்தை மூடி அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சொன்னேன்: "விடுங்கோ அக்கா. ஒருத்தரும் பாக்கேல்லை. ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை."

"அப்ப கல்லை உடைச்சவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வெட்டினவன் என்ன சொன்னவன் எண்டு கேளாமல் அவங்கள் உடைச்சாங்கள். கேளாமல் நான் ஒட்டினன்."

குழாயைத் திறந்து தாள்களை வெளியே எடுத்தார். கரி தாளின் பின்பக்கத்தில் இருந்தது, மை முன்பக்கத்தில். ஸ்கானருக்கு இரண்டும் ஒரே கறுப்பு. சன்னலில் சரித்துப் பிடித்தால் மை பளபளக்கும், கரி மங்கிக் கிடக்கும். கந்தோரில் படத்தைத் திருத்தினால் திருத்திய இடத்தைச் சிவப்பு மையால் காட்டுவார்களாம். அப்படியே செய்வோம் என்றார். கல்லில் இருந்து வந்தது கறுப்பு, தன் கையால் வந்தது சிவப்பு. அவர் சன்னலடியில் நின்று ஒவ்வொரு கோடாகச் சொல்ல, நான் கொம்பியூட்டரில் சிவப்பாக்க வேண்டும். அதாவது முழு ஆக்கினையும் திரும்ப ஒருமுறை! தலையில் அடித்துக்கொண்டு இருந்தேன், வேறென்ன?

ஆவணி, புரட்டாதி எல்லாம் இதிலேயே போனது. தன் கை பட்ட இடத்தைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கும். ஆனால் ஒரு இடத்தையும் ஒளிக்கவில்லை. சில கற்கள் தப்பிவிட்டன, சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றும்தான். அவற்றை ஸ்ரனிஸ்லஸ் சேர் வந்து வாசித்தார். ஒன்றில், யாரோ ஒருவன் குளத்துக்கு மதகு கட்டிக் கொடுத்ததாக இருந்ததாம். சேர் அதை உரக்க வாசித்தபோது அக்கா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார், எனக்கும் காது புளிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமென்ன. இனி இப்படியே, சிவப்போடுதான், எல்லாருக்கும் சும்மா கொடுப்பது என்று முடிவானது.

விளாத்திமோட்டைக் கல்லைத்தான் கடைசிக்கு வைத்திருந்தார். நான் சிவப்பாக்க, சிவப்பாக்க, படம் முழுவதும் சிவந்துகொண்டே வந்தது. வருசக்கணக்காக எண்ணெயும் கற்பூரமும் பட்டுத் தேய்ந்த கல். கடைசியில் இரண்டு மூன்று கறுப்புக் கோடுகள் மிஞ்சின. "இதில வாசிக்க ஒண்டும் இல்லை" என்றார் சேர்.

"முகாமில இருக்கிற படத்தை மாத்திக் குடுக்கவேணும்" என்றார் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன விசரோ? அவைக்கு எழுத்தா வேணும்? அவைக்கு ஒரு வைரவர் வேணும், இருக்கிறார், விளக்கெரியுது. அந்த மனிசியிட்ட போய், உங்கட சாமி என்ர கைவேலை எண்டு சொல்லப்போறீங்களோ? செருப்பால அடிப்பா!"

"அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா நடக்கத் தொடங்கினார். புதிய படத்தைத் தூக்கிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு, நானும் பின்னால் போனேன்.

கொட்டிலுக்குள் பழைய படம் பூவும் சந்தனமுமாக இருந்தது. கறுப்பாக, நேற்று வெட்டியதுபோல, ஒவ்வொரு கோடும் முழுசாக. அக்கா அதைப் பார்க்காமல் புதியதை அன்னபாக்கியத்திடம் விரித்துக் காட்டினார். மனிசி குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? ஆர் எங்கட வைரவரில சிவப்புப் பூசினது?"

"சிவப்பெல்லாம் நான்தான். கல்லில தெரியாத இடத்தில நான் கீறினது. அந்தப் படத்தில அதையும் கறுப்பாக் காட்டிப்போட்டன்."

"அப்ப இந்தக் கறுப்பு?"

"அது மட்டும்தான் உங்கட கல்லு."

அன்னபாக்கியம் அந்த இரண்டு மூன்று கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பழைய படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கத்தத் தொடங்கினார், பக்கத்துக் கொட்டில் சனமெல்லாம் எட்டிப் பார்க்கும்படி.

"முதலே ஏன் சொல்லேல்லை? ஏனடி சொல்லேல்லை? இவ்வளவு நாளும் நான் உனக்கெல்லோ விளக்கு வைச்சனான்!"

மனிசி பழைய படத்தைக் கழற்றி, பூவோடும் சந்தனத்தோடும் என் கையில் திணித்தார். புதியதை அந்த இடத்தில் மாட்டினார். விளக்குக்கு எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டி ஏற்றினார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார்.

"நிண்டு பாத்துக்கொண்டிராதை. நீயும் வந்து கும்பிடு."